நீமியாவின் இடது பக்கம்

எங்கள் சான் பிளாஸ் ஊரில் எதிரே வருபவரைப் பார்த்து வெறுமனே தலையாட்டிவிட்டுப் போனால், வீட்டில் ஏதோ கெட்ட சேதி என்று நினைப்பார்கள். கன்னத்தோடு கன்னம் வைக்க வேண்டும். ஒரு கை முதுகைச் சுற்றி வந்து இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். பூசையில் பங்குச்சாமி "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்" என்றதும் கோயில் சந்தையாகிவிடும். அவர் பீடத்திலிருந்து தொண்டையைக் கனைத்துக் கனைத்துத்தான் எங்களை இடத்துக்குத் திருப்புவார்.

அப்படிப்பட்ட ஊரில் நீமியா பிரீத்தெஸ் ஒருநாள் முதல் கையை மட்டும் நீட்ட ஆரம்பித்தாள். முழங்கையை மடக்காமல், வேலிக்கம்பு மாதிரி நீட்டிய கை. எதிரில் வருகிற ஆளை அந்தத் தூரத்திலேயே நிறுத்திவிடும் கை.

"என்னம்மா இது, வரி கேக்க வந்த அதிகாரி மாதிரி கை குடுக்கறா?" என்றாள் கடைக்காரி.

"மக புவெனஸ் அயர்ஸ்ல இருக்கால்ல. நாகரிகம் போன் வழியா வந்து எறங்கியிருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். அப்போது அது வெறும் சிரிப்புத்தான்.

நான் நீமியாவுக்கு எதிர்வீட்டுக்காரி. ஊரில் செபமாலை சொல்லிக்கொடுப்பவள் என்பதால் எல்லா வீட்டுக்கும் போய்வருவேன். இதில் பாதி என் கண்ணால் கண்டது, மீதி பின்னால் அவளே சொன்னது. எழுதச் சொன்னதும் அவள்தான். "எழுது. வேற எவளும் இப்படி வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்க வேணாம்" என்றாள்.

அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். மாட்டுவண்டிக்காரர் எலீயோவைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். எலீயோ நல்ல மனிதர். மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் மிர்னா, புவெனஸ் அயர்ஸில் ஒரு பணக்கார வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். நீமியாவுக்கு மிச்சமிருந்தது இரண்டு மாடுகளும், அவற்றின் பாலில் அவள் செய்யும் பாலாடைக்கட்டியும், அஸ்தேரியாவும்.

அஸ்தேரியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமரங்களைத் தாண்டினால் அவள் வீடு. பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய கைகள். ஊரிலேயே நன்றாகச் சூடு பிடிக்கும் களிமண் அடுப்பு அவள் முற்றத்தில்தான் இருக்கிறது. மிர்னாவுக்கு ஞானஸ்நானத் தொட்டியில் ஞானத்தாயாகக் கை கொடுத்தவள் அஸ்தேரியா. அஸ்தேரியாவின் கடைசிப் பெண் லிஸ்ஸுக்குக் கை கொடுத்தவள் நீமியா. அதனால் இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. கூடப் பிறந்தவளோடு சண்டை போட்டால் பேசாமல் இருந்துவிடலாம். கொமாத்ரேயோடு பேசாமல் இருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அந்த உறவு அப்படி.

அந்த வருஷம் சான் ஹுவான் திருவிழா முடிந்து குளிரைக் கொண்டுவரும் தெற்குக் காற்று வீசத் தொடங்கிய வாரம், நீமியாவுக்கு இடது விலாவில் எரிந்தது. மாடு இடித்திருக்கும் என்று நினைத்தாள். இரண்டு நாளில் கொப்புளம் கிளம்பியது. முதுகெலும்பு ஓரத்தில் தொடங்கி, விலாவைச் சுற்றி, மார்புக்கு அடியில் வந்து நின்றது. பாதி கச்சை கட்டினாற்போல இருந்தது. அக்கி என்று நீங்கள் சொல்வதற்கு எங்கள் பக்கம் குட்டிப்பாம்பு என்று பெயர். அதற்குத் தலை உண்டு, வால் உண்டு. தலையும் வாலும் உடம்பைச் சுற்றி வந்து முட்டிக்கொண்டால் ஆள் பிழைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அவள் இசபெலீனோ பெரியவரிடம் ஓடினாள். பாம்புக்கு எழுதுகிறவர் அவர்தான். மைக்கூட்டில் இறகை முக்கி, தலைப்பக்கத்தில் இயேசு மரி சூசை என்று எழுதினார். வால்பக்கத்தில் அதையே திருப்பி எழுதினார். நடுவில் ஒரு சிலுவை போட்டார்.

"மை தானா அழியணும், தேய்ச்சுக் கழுவாதே" என்றார். "இன்னொண்ணு. பாம்பு போற வரைக்கும் அதோட பேர வாயால சொல்லாதே. பேர் சொன்னா கூப்பிட்ட மாதிரி. திரும்பிப் பாக்கும்."

நீமியா தலையாட்டினாள். தலையாட்டினால் கடைப்பிடிக்கிறவள் அவள்.

கொப்புளங்கள் உலர்ந்தன. பொருக்குத் தட்டி உதிர்ந்தன. மையும் மங்கி மறைந்தது. பார்க்கிறவர்கள் யாராயிருந்தாலும் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். நீமியாவால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எரிச்சல் போகவில்லையே! சட்டை உரசினால் தீ. காற்று பட்டால் ஊசி. பால் கறக்கும்போது வெள்ளச்சி ஈயை ஓட்ட வாலை வீசும். அது விலாவில் பட்டால் கண்ணில் பொறி பறக்கும். வாலை மாட்டின் காலோடு கட்டிவிட்டுக் கறக்கப் பழகினாள். இதில் விந்தை என்னவென்றால், அழுத்திப் பிடித்தால் அவ்வளவு வலிக்காது. லேசாகப் பட்டால்தான் உயிர் போகும். முதுகில் பாசமாக ஒரு தட்டுத் தட்டுவது இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

வலி இருக்கிறது என்றால் பாம்பு இருக்கிறது. பாம்பு இருக்கிறது என்றால் பேர் சொல்லக் கூடாது. அவள் கணக்கு அப்படிப் போயிற்று.

சுகாதார நிலையத்து நர்ஸ் சுனில்டாவிடம் போனாள். தழும்பைப் பார்த்ததுமே சுனில்டாவுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து பேரைச் சொல்லப் போனவளை நீமியா கையெடுத்துக் கும்பிட்டு, உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

"சரிக்கா, பேரு வேணாம். அதுன்னே வெச்சுக்கலாம்" என்றாள் சுனில்டா. "அது போயிடுச்சு. போகும்போது நரம்பச் சுட்டுட்டுப் போயிருக்கு. சுட்ட எடந்தான் எரியுது."

நல்ல பெண், பட்டணத்தில் படித்தவள், அவளுக்கு எங்கே இதெல்லாம் தெரியும் என்று நீமியா நினைத்துக்கொண்டாள். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதைப் போட்ட மறுநாள் தலை சுற்றிப் பால் குவளையோடு தொழுவத்தில் விழுந்தாள். சுனில்டாவே அதை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே டாக்டர் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். "உங்க இதயம் இருக்கற நெலைக்கு வேற மாத்திரையும் ஒத்து வராதும்மா. வெட்டி எடுக்கவும் இதுல ஒண்ணுமில்ல. கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிடும்" என்றார். பொய் சொல்லாத டாக்டர்.

திரும்பி வரும் பேருந்தில் சுனில்டா அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். தைத்த தையல் தோலில் படக் கூடாது. பலமுறை துவைத்து நைந்த பருத்தியைப் போட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உரசும், உடம்போடு இறுக்கமாக இருக்கட்டும். எரிந்தால் தண்ணீரில் நனைத்த துணி வைக்கலாம், பனிக்கட்டி கூடாது. தெற்குக் காற்றில் நிற்கக் கூடாது. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். படுத்தே கிடக்காமல் நடக்க வேண்டும்.

"முக்கியமா ஒண்ணு, அக்கா. அந்த எடத்தத் தொடாமலே விட்டுடாதீங்க. நரம்பு பயந்துபோய்க் கெடக்கு. துணி பட்டாலும் தீ தீன்னு கத்துது. தெனமும் மெத்துன்னு ஏதாவது வெச்சு மெல்ல மெல்லத் தொட்டு, இது தீ இல்லன்னு அதுக்குப் பழக்கணும்."

"கன்னுக்குட்டிக்குக் கயிறு பழக்கற மாதிரியா?"

"அதேதான்!"

அது மட்டும் நீமியாவின் மனதில் தங்கியது. கன்றுக்குட்டி பழக்கத் தெரிந்தவள்தானே.

மதியம் ஊரே உறங்கும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வாள். கோழியின் வயிற்று இறகு ஒன்று எடுத்து வைத்திருந்தாள். செபமாலையில் ஒரு பத்து, அதாவது பத்து அருள் நிறைந்த மரியே, சொல்லி முடிக்கும்வரை அந்த இறகால் விலாவைத் தொட வேண்டும் என்பது அவள் போட்டுக்கொண்ட விதி. முதல் நாள் மூன்றாவது அருள் நிறைந்த மரியே சொல்லும்போதே இறகைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். இறகுக்கு அழுகிற மனுஷி உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாளும் எடுத்தாள். மழைக்காலம் வருவதற்குள் ஒரு பத்து முழுக்கச் சொல்ல முடிந்தது. பிறகு இறகை விட்டுப் பஞ்சு, பஞ்சை விட்டு எலீயோவின் பழைய சட்டை. மிர்னா அனுப்பிய புதுத்துண்டை எடுத்தபோது மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருந்தது.

விலாவும் மார்பின் அடியும் இப்படி அடங்க ஆரம்பித்தன. அடங்காதது முதுகெலும்பு ஓரத்து இடம்தான். பாம்பின் தலை இருந்த இடம். அங்கே அவள் கை எட்டவில்லை. மேலே இருந்து விட்டாலும் கீழே இருந்து விட்டாலும் நான்கு விரல் அகலம் மிச்சம் நின்றது. மரவள்ளிக் குச்சியின் நுனியில் இறகைக் கட்டிப் பார்த்தாள். குச்சி தவறிப் போய் அக்குளில் கூச்சம் காட்டியது. தனியாக உட்கார்ந்து சிரித்தாளாம். சிரித்தது விலாவில் வலித்ததாம்.

தனியாக வாழ்கிறவர்களுக்கு எல்லா வேலையும் ஒற்றை ஆளாகச் செய்யத் தெரியும். தன் முதுகை மட்டும் தன்னால் தொட முடியாது. கடைசியில் அவள் வீட்டு மண்சுவரில் அந்த இடத்தைப் பதித்து, அசையாமல் சாய்ந்து உட்காருவாள். குளிர்ந்த சுவர். கை இல்லாத குறைக்குச் சுவர்.

லிஸ்ஸுக்குப் பதினைந்து வயது நிறைந்த விருந்து வசந்தத்தில் வந்தது. எங்கள் பெண்களுக்கு அது சின்னக் கல்யாணம் மாதிரி. ஞானத்தாய் போகாமல் முடியுமா? நீமியா நைந்த உள்பாவாடைத் துணியை விலாவில் இறுக்கச் சுற்றி, அதன்மேல் நல்ல சட்டை போட்டு, ஒரு பாலாடைக்கட்டி முழுதாகத் தூக்கிக்கொண்டு போனாள். சுவரோரமாக நாற்காலி போட்டுக்கொண்டாள், முதுகுப் பக்கம் யாரும் வராதபடி. லிஸ் வெள்ளை உடையில் வந்து கைகூப்பி, "ஆசீர்வாதம், ஞானம்மா" என்றாள். நீமியா எழுந்து நின்று, தொடாமல், காற்றிலேயே சிலுவை போட்டாள். பெண்ணின் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அஸ்தேரியா சமையலறையிலிருந்து வந்தாள். கையெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பு, முகமெல்லாம் சந்தோஷம். "ஏ கொமாத்ரே! நம்ம பொண்ணப் பாத்தியா!" என்று இடது பக்கமாக வந்து, அந்தக் கையால் நீமியாவைச் சுற்றிப் பிடித்து, முதுகில் பட்டென்று ஒரு தட்டு.

நீமியா அலறினாள். அலறிக்கொண்டே இரண்டு கையாலும் தள்ளினாள். அஸ்தேரியா பின்பக்கமாகத் தடுமாறிப் போய், குளிர்பானப் புட்டிகள் மிதந்த பனிக்கட்டித் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் எல்லாரும் சிரித்தோம். அஸ்தேரியாகூடச் சிரித்தாள். எழுந்து, நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே நீமியாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"என்ன கொமாத்ரே? எனக்கென்ன சொறியா இருக்கு?"

"இல்ல... வலி..."

"என்ன வலி?"

நீமியாவின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"சொல்லேன். என்ன வலி? எங்க? காலைலேர்ந்து நல்லா உக்காந்திருந்தியே. நான் தொட்டா மட்டும் வர்ற வலி அது என்ன வலி?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நீமியா கண்ணில் நீர் கட்டி நின்றாள். ஒரு வார்த்தை போதும். அதை அவள் பல்லுக்குள் கடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமே! இத்தனை பேர் நடுவில், பதினைந்து வயதுப் பெண் பக்கத்தில் நிற்கையில், அதைக் கூப்பிடுவதா?

"சரி" என்றாள் அஸ்தேரியா, மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "புரிஞ்சுபோச்சு."

கேக் வெட்டுமுன்பே நீமியா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. கை நீட்டினால் பதிலுக்குக் கையை மட்டும் நீட்டினார்கள். பிறகு அந்தக் கையும் இல்லை, தலையாட்டல்தான். ஏதோ ஒட்டுவியாதி என்று ஒரு பேச்சு, மகள் பணத்தில் திமிர் என்று ஒரு பேச்சு. நான் போய் முற்றத்தில் உட்காருவேன். தெரெரே, குளிர்ந்த நீரில் ஊறிய எங்கள் இலைப்பானம், ஊற்றிக் கொடுப்பாள். ஒரே கொம்புக் குவளையில் மாறி மாறிக் குடிப்போம். "எங்க வலிக்குது நீமியா?" என்று கேட்டால் மாமரத்தைப் பார்ப்பாள். "ஜெபத்துல வெச்சுக்கோ" என்பாள். அவ்வளவுதான்.

பூசையில் கடைசித் தூணருகே நிற்பாள். சமாதானம் சொல்லும் நேரத்துக்கு முன்னால் வெளியே போய், வேப்பமர நிழலில் தனியாக நின்று, எல்லாரும் கட்டிக்கொள்ளும் சத்தம் ஓய்ந்ததும் உள்ளே வருவாள். நற்கருணை வாங்கும்போது நாக்கை மட்டும் நீட்டுவாள், பங்குச்சாமியின் விரல்கூடப் படாது.

மிர்னா போனில் கேட்பாள். "அம்மா, ஞானம்மா எப்படி இருக்காங்க? போன எடுக்கவே மாட்டேங்கறாங்களே?"

"அவளுக்கென்ன. சத்தம் போட்டுக்கிட்டு இருக்கா."

"உன் கொரல் ஏன் இப்படி இருக்கு?"

"கன்னுக்குட்டி பக்கத்துல நிக்குது. அதோட கொரல்."

வடக்கிலிருந்து அனல்காற்று அடிக்கும் கோடையில் வியர்வையே அவளுக்கு உப்பு வைத்த மாதிரி எரிந்தது. எங்கள் பக்கம் கோடையில் வரும் கிறிஸ்து பிறப்பன்று அவள் வீட்டு விளக்கு சீக்கிரம் அணைந்தது. காலையில் பால் கறக்கும்போது வெள்ளச்சியின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து வைத்துக்கொள்வாள். எல்லாரும் அப்படித்தான் கறப்போம். அவள் கறந்து முடிந்த பிறகும் நெற்றியை எடுக்காமல் உட்கார்ந்திருப்பாள். மாடு அசைபோடுவது நெற்றிக்குள் கேட்கும் என்றாள். அந்த நாட்களில் அவள்மேல் பட்ட உயிர் அது ஒன்றுதான்.

தவக்காலம் வந்தது. பெரிய புதனன்று எங்கள் வீடுகளில் சிப்பா ரொட்டி சுடுவோம். மரவள்ளி மாவு, முட்டை, பன்றிக்கொழுப்பு, சோம்பு, நிறையப் பாலாடைக்கட்டி. பெரிய வெள்ளியன்று அடுப்புப் பற்ற வைக்க மாட்டோம் என்பதால் அதுதான் சாப்பாடு. எத்தனையோ வருஷமாக நீமியாவின் பாலாடைக்கட்டி, அஸ்தேரியாவின் அடுப்பு. நீமியா அந்த வருஷமும் கட்டியைப் பலகையில் வைத்து, தினம் புரட்டி, உப்புத் துடைத்து முற்றவைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று நான் அவளைக் கேட்கவில்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தி கடைக்காரி என்னிடம், நீமியா காதில் விழும்படி சொன்னாள். "அஸ்தேரியா இந்தத் தடவ டவுன்லேர்ந்து சீஸ் வாங்கிட்டா. பிளாஸ்டிக்ல சுத்தினது."

நீமியா உப்பை வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராக இசபெலீனோ பெரியவர் வீட்டுக்குப் போனாள்.

பெரியவர் நாற்காலியில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, மறுபடி எழுதணும். அது இன்னும் போகல."

"எது?"

நீமியா உதட்டில் விரல் வைத்தாள்.

"எதும்மா போகல? எலியா?"

"நீங்க எழுதினீங்களே. சான் ஹுவான் முடிஞ்சு. பேர் சொல்லாதேன்னீங்களே."

பெரியவர் வானொலியை அணைத்தார். கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டார். அவள் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். குனிந்து பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லியே. வெறும் தழும்பு. பாம்பு போயி எத்தன காலமாச்சு!"

பேரைக் கேட்டதும் நீமியா காதைப் பொத்திக்கொண்டாள்.

"அடியே, கொப்புளம் காயற வரைக்கும்தான் பேர் சொல்லக்கூடாது. அதுக்கப்புறம் கூரை மேல ஏறி நின்னு கத்தலாம். நீ தவக்காலம் வரைக்குமா வாயப் பொத்திக்கிட்டிருந்தே? மடத்துல இருக்கற கன்னியாஸ்திரிங்ககூட இவ்வளவு நாள் தாங்க மாட்டாங்களே!"

"எரிச்சல் போகலியே."

பெரியவர் மைக்கூட்டைப் பார்த்தார். எடுக்கவில்லை. "பாம்புக்குத்தான் எங்கிட்ட எழுத்து இருக்கு தாயி. வலிக்கு இல்ல. வலிக்கு அந்த நர்ஸுப் பொண்ணு சொல்றதக் கேளு."

ஓடைக்கரை வழியாக நடந்து வந்தாள். ஆளில்லாத இடம் வந்ததும் நின்றாள். வேலிக்கம்பைப் பார்த்து, "பாம்பு" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. "பாம்பு, பாம்பு, பாம்பு" என்றாள். ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டு எழும்பிப் பறந்தது. சுனில்டா அன்றைக்கே சொன்னது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. போயிடுச்சு, சுட்ட எடந்தான் எரியுது. போய்விட்ட ஒன்றுக்குப் பயந்துகொண்டு, இருக்கிற ஒருத்தியை இழந்துவிட்டோமே என்று அந்தக் கரையில் உட்கார்ந்து அழுதாளாம்.

பெரிய புதனன்று நாங்கள் அஸ்தேரியாவின் முற்றத்தில் இருந்தோம். நான் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன், லிஸ் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் விறகு கனிந்துகொண்டிருந்தது. அஸ்தேரியா மரத்தொட்டியில் கையை முழங்கைவரை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். மாமரத்தைத் தாண்டி நீமியா வந்தாள். தலையில் துணி சுற்றிய பாலாடைக்கட்டி.

அஸ்தேரியா நிமிரவில்லை. "சீஸ் கடைல வாங்கியாச்சு" என்றாள் மாவைப் பார்த்து.

"கொமாத்ரே, எனக்குப் பாம்பு வந்துச்சு."

பிசைகிற கை நின்றது.

"சான் ஹுவான் முடிஞ்சு வந்துச்சு. இங்கேர்ந்து இது வரைக்கும்." கட்டியை இறக்கி வைத்துவிட்டு விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "அது போயிடுச்சு. எரிச்சல் போகல. காத்து பட்டாக்கூட எரியுது. எரிச்சல் இருக்கறதால அதுவும் இருக்குன்னு நெனச்சுட்டேன். இருக்கற வரைக்கும் பேர் சொல்லக்கூடாதுன்னு பெரியவர் சொன்னாரு."

அஸ்தேரியாதான் கேட்டாள். "தலையும் வாலும் முட்டிக்கிச்சா?"

"முட்டியிருந்தா இப்ப உங்கிட்ட யாரு பேசறது?"

லிஸ் களுக்கென்று சிரித்தாள். அஸ்தேரியா சிரிக்கவில்லை. அவள் கழுத்து சிவந்துகொண்டு வந்தது.

"ஒரு சைகை காட்டக்கூடாதாடி?" என்று வெடித்தாள். "கைய இப்படி நெளிச்சுக் காட்டினா எனக்குத் தெரியாதா? மாவு முழுங்கின கோழி மாதிரி நின்னியே! பாம்புன்னு காட்டறதுக்கு வாய் எதுக்கு?" மாவோடு இருந்த கையைத் தூக்கிப் பாம்பு மாதிரி நெளித்துக் காட்டினாள். மாவு சொட்டியது.

நீமியா அந்தக் கையையே பார்த்தாள். "தோணலியே, கொமாத்ரே" என்றாள்.

அத்தனை மாதம். ஒரு கை நெளிவு.

அஸ்தேரியா தொட்டியிலிருந்து எழுந்து, கையைக் கழுவித் துடைத்தாள். கையை விரித்துக்கொண்டு இரண்டு எட்டு வந்தவள் பாதியில் நின்றாள். அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரே மாதிரிதான் தொடத் தெரியும்.

"எங்க தொடலாம்?" என்று கேட்டாள், சின்னப் பிள்ளை போல.

நீமியா மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டினாள். "முதுகெலும்போரம். என் கை எட்டாத எடம். தட்டாதே. தடவாதே. அழுத்தி வெச்சு அப்படியே நிறுத்து."

அஸ்தேரியா கையை வைத்தாள். பிசைந்து பிசைந்து சூடேறிய அகலமான உள்ளங்கை அந்த நான்கு விரல் இடத்தை முழுசாக மூடியது. நீமியாவின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு இறங்கியது. மூச்சு நீளமாக வெளியே வந்தது. பூசையில் நற்கருணையை உயர்த்தும் நேரம் மாதிரி நாங்கள் கையிலிருந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றோம்.

"அம்மா, அடுப்பு ஆறுது" என்றாள் லிஸ் கடைசியில்.

கடை சீஸை நாய்க்குப் போடச் சொன்னாள் அஸ்தேரியா. வீணாக்குவது பாவம் என்று நான்தான் வாங்கி வைத்தேன்.

நீமியாவின் வலி போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசை. போகவில்லை. குறைந்திருக்கிறது. புதுத்துண்டைத் தாங்குகிறது, சாக்கின் ஓரத்தைக்கூட ஒரு பத்து சொல்லும்வரை தாங்குகிறது. தெற்குக் காற்று வந்தால் திரும்பிவிடும். அப்போது நனைந்த துணி, நீளமான மூச்சு, மறுபடி கோழி இறகு. பூசையில் இப்போது வெளியே போவதில்லை. சமாதான நேரத்தில் ஊர்க்காரர்கள் அவள் வலது பக்கமாக வந்து, அவள் நெற்றியில் நெற்றியை வைத்துவிட்டுப் போகிறார்கள். மாட்டுக்காரி மாட்டிடம் கற்றுக்கொண்டது என்று அவளே கேலி செய்வாள்.

அஸ்தேரியா முடிந்த சாயங்காலங்களில் வருகிறாள். எல்லா நாளும் முடியாது, அவளுக்கும் வீடு, புருஷன், அடுப்பு இருக்கிறது. வந்தால் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து கையை வைக்கிறாள். இருவருமாக ஒரு பத்து சொல்கிறார்கள். எதிர்வீட்டிலிருந்து எனக்கு அஸ்தேரியாவின் குரல் மட்டும் கேட்கும்.

"இப்ப வலிக்குதா?" என்று ஒருநாள் நானே கேட்டேன்.

"வைக்கறப்ப வலிக்கல" என்றாள் நீமியா. "எடுக்கறப்பதான்."

அஸ்தேரியா எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, நாளைக்கு வர முடியாது கொமாத்ரே, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, மாமரங்களுக்குள் போய் மறைந்தாள். நீமியா நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். அவள் சாய்ந்து சாய்ந்து அந்த இடத்தில் மண் வழுவழுத்துப் போயிருக்கிறது. அதில் முதுகைப் பதித்துக்கொண்டு, செபமாலையில் மிச்சமுள்ள பத்துகளைத் தனியாகச் சொல்லத் தொடங்கினாள்.